மணியைத் திருப்பி வைப்பவர்கள்

“சர்வர்ல மணி தள்ளிப் போகுதா? ராத்திரி ஒரு கிரான் போட்டு விடுங்க சார், தானா சரியாயிடும்.”

கணினி அறைகளில் யாரைக் கேட்டாலும் இந்த வைத்தியம்தான் கிடைக்கும். குறித்த நேரத்தில் குறித்த கட்டளையை ஓட்டும் கிரானில் ஒரு வரி: தினமும் நள்ளிரவில் வெளியே உள்ள நேர சர்வரிடம் மணி கேட்டு, நம் கடிகாரத்தை அதன்படி திருப்பி வை. அதுவும் கைகொடுக்காவிட்டால் நேர சேவையை ரீஸ்டார்ட் செய்வார்கள். பிறகு மெஷினையே ரீஸ்டார்ட் செய்வார்கள். காலையில் வந்து பார்த்தால் மணி சரியாக இருக்கும். வழக்கு முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடலாம்.

இந்தக் கட்சியில் இருப்பவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. அவர்கள் சொல்வது இது: என்டிபி என்று ஒரு நெறிமுறை இருப்பதும், அதற்கென்று பின்னணியில் ஓடும் டீமன் இருப்பதும் எங்களுக்கும் தெரியும். ஆனால் அதைப் போட்டுவிட்டு பத்து நிமிடம் காத்திருந்தாலும் முள் நகர மறுக்கிறது. சில சமயம் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகிறது. என்டிபிடேட் கட்டளையைத் தட்டினால் அந்தக் கணமே மணி சரியாகிறது. வேலை செய்வதை விட்டுவிட்டு செய்யாததைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? இரண்டு வினாடி முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடுமா?

நியாயமாகத்தான் ஒலிக்கிறது. என் மறுப்பு வைத்தியம் பலிப்பதில்லை என்பது பற்றியதல்ல. பலிக்கிறது, பலிப்பதால்தான் தொல்லை. கடிகாரம் ஏன் தப்புகிறது என்பதற்கான தடயம் முழுவதையும் அந்த ஒரு வரி இரவுதோறும் துடைத்துவிடுகிறது. துடைக்கும்போதே புதிதாக ஒரு கோளாறையும் நட்டுவிட்டுப் போகிறது.

தடயம் என்று எதைச் சொல்கிறேன்? மதர்போர்டில் பட்டன் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி வடிவமைக்கப்பட்டது. சுமார் 25 டிகிரி வெப்பத்தில் அது சொன்னபடி கேட்கும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். 45 டிகிரியில் நாளுக்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலேயே பின்தங்கும். கணினி ஓடும்போது மணியை எண்ணுவது வேறொரு படிகம். அதற்கும் பிறவிக் குறை உண்டு. பத்து லட்சத்தில் 50 பங்கு குறை என்றால் நாளுக்கு 4.32 வினாடி. ஆகவே ஒரு கடிகாரத்தின் பிழையை இரண்டு எண்களில் சொல்ல வேண்டும்: இந்தக் கணத்தில் எவ்வளவு தள்ளி நிற்கிறது, என்ன வேகத்தில் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. திருப்பி வைப்பவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். கோளாறு கண்டுபிடிப்பவனுக்கு வேண்டியது இரண்டாவது எண்.

கடலோடிகளுக்கு இது கணினிக்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. கப்பல் குரோனோமீட்டரைப் பயணத்தின் நடுவே யாரும் திருப்பி வைக்க மாட்டார்கள். அது நாளுக்கு இத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று துறைமுகத்தில் கணித்து, ஏட்டில் குறித்து, கடலில் அந்தக் கணக்கைக் கழித்துக்கொள்வார்கள். கிரீனிச்சில் 1833 முதல் தினமும் ஒரு மணிக்கு நேரப் பந்து விழுந்தது இதற்காகத்தான். மதராஸிலும், நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் மணிப்படி கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கிய காலம் ஒன்று இருந்தது. டார்வின் போன பீகிள் கப்பல் 1831-ல் கிளம்பியபோது அதில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டு எது வழிதவறுகிறது என்று பார்ப்பதற்கு அத்தனை. தினமும் எல்லாவற்றையும் ஒன்றுபோலத் திருப்பி வைத்திருந்தால் அந்த 22-ம் ஒரே ஒரு கடிகாரத்துக்குத்தான் சமம்.

இனி நள்ளிரவு கிரான் என்ன செய்கிறது என்று நெருங்கிப் பார்ப்போம். மேலே சொன்ன 50 பங்கு குறையுள்ள சர்வர், முந்துகிற ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடிகாரம் 00:00:00 காட்டும்போது உண்மையான மணி 23:59:55.68. கிரான் விழித்து, மணி கேட்டு, கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறது. அந்த சர்வருக்கு இப்போது தேதி நேற்று. நான்கு வினாடி கழித்து இன்னொரு முறை நள்ளிரவு பிறக்கிறது. முதல் நள்ளிரவில் இன்றைய தேதியில் பதிவான ரசீது ஒன்று, அதற்கு அப்புறம் நேற்றைய தேதியில் பதிவான ரசீது இன்னொன்று. வரிசை எண் சரியாக இருக்கும், நேரம் மட்டும் தலைகீழாக இருக்கும். ஆடிட்டர் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. “கடைசியாக எழுதியதே செல்லும்” என்ற விதியில் ஓடும் கசாண்ட்ரா போன்ற தரவுதளத்தில், முத்திரை நேரத்தை சர்வர் கடிகாரத்திலிருந்து எடுத்தால், புதிய திருத்தம் பழையதிடம் தோற்றுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இத்தனைக்கும் தினசரி வேலைகள் எல்லாவற்றையும் நாம் கட்டி வைத்திருப்பது அதே நள்ளிரவில்தான்.

என்டிபிடேட் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும்: வித்தியாசம் அரை வினாடிக்குள் இருந்தால் அதுவும் கடிகாரத்தைத் தாண்ட வைக்காது, மெதுவாகத்தான் நகர்த்தும். அப்படியானால் மணிக்கு ஒருமுறை ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம். எல்லோரும் அப்படியே செய்வதால்தான் ஒவ்வொரு மணியும் பிறக்கும் வினாடியில் பொது நேர சர்வர்களின் தலையில் கூட்டம் வந்து விழுகிறது. அதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். அந்தப் பதில் நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்ததா, சொன்னவனே தப்பாகச் சொன்னானா என்று சரிபார்க்க அதனிடம் நினைவு எதுவும் இல்லை.

நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதிய நிரல் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த சாட்சி உண்டு. 2017 ஜனவரி 1, நம் மணிக்கு அதிகாலை ஐந்தரை. உலக நேரத்தில் ஒரு லீப் வினாடி செருகப்பட்டது. கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் நிரல் ஒரு பதில் வர எவ்வளவு நேரமானது என்று கழித்துப் பார்த்தபோது விடை எதிர்மறையாக வந்தது. எதிர்மறை எண்ணை எதிர்பார்க்காத கணக்கு உடைந்து, அவர்களுடைய சர்வர்களில் ஒரு பகுதி தடுமாறியது. அந்த நிரல் எழுதப்பட்ட கோ மொழி, அதே ஆண்டு, பின்னோக்கி நகராத இன்னொரு கடிகாரத்தையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு வினாடிக்கு இந்தப் பாடு. அதுவும் பல மாதம் முன்பே அறிவித்துவிட்டு வந்த வினாடி. நம் கிரான் வரி அறிவிக்காமல் இரவுதோறும் செய்கிறது.

டீமன் ஏன் சோம்பேறியாகத் தெரிகிறது என்பதும் இங்கே விளங்கும். டேவிட் மில்ஸ் 1985-ல் முதல் வரையறையை வெளியிட்ட இந்த நெறிமுறையில் அந்தத் தயக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வித்தியாசம் 128 மில்லிவினாடிக்குள் இருந்தால், டீமன் கடிகாரத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்கிறது. அதிகபட்சம் பத்து லட்சத்துக்கு 500 பங்கு. அந்த வேகத்தில் ஒரு முழு வினாடியைக் கரைக்க 33 நிமிடம் ஆகும். 128-ஐத் தாண்டிவிட்டால் உடனே நம்பாமல், சில நிமிடங்கள் அதே கதை தொடர்கிறதா என்று பார்த்தபிறகே திருப்புகிறது. கூடவே, இந்தக் கடிகாரத்தின் பிறவிக் குறை இவ்வளவு என்று டிரிஃப்ட் கோப்பில் ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது. மாலுமியின் ஏடு அதுதான். நெட்வொர்க் அறுந்து அரை நாள் ஆனாலும் அந்த எண்ணை வைத்து ஓரளவு ஒழுங்காக ஓட்டிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் முதல் பத்து நிமிடத்தில் அதற்குத் தகுதியில்லை என்று தீர்ப்பெழுதுகிறோம்.

எதிர்க்கட்சியின் பலமான சாட்சிக்கு வருகிறேன். “என்டிபிடேட் வேலை செய்யுது, டீமன் செய்யல.” இதைக் கண்ணால் கண்டவர்கள் பலர், பொய்யில்லை. டீமன் ஓடும் கணினியில் அதன் நிலையைக் காட்டும் என்டிபிகியூ கட்டளையைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேர சர்வர். மேற்கோள் பத்தியில் ‘இனிட்’, அடுக்கு எண் 16, எட்டிய கணக்கு 0. அடுக்கு 16 என்றால் இன்னும் யாரோடும் ஒத்திசையவில்லை என்று அர்த்தம். எட்டிய கணக்கு 0 என்றால் கேட்ட எட்டு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. டீமனை நிறுத்திவிட்டு, அதே கணினியில், அதே சர்வரை என்டிபிடேட்டின் ‘யூ’ விருப்பத்தோடு கேட்டால் உடனே பதில். இதைப் பார்த்தவன் டீமனைத் திட்டாமல் வேறென்ன செய்வான்?

கதவு எண்ணைப் பார்க்க வேண்டும். டீமன் யுடிபி 123-ஆம் போர்ட்டிலிருந்து கேட்கிறது. பதிலும் 123-க்கே திரும்பி வர வேண்டும். ‘யூ’ போட்டால் என்டிபிடேட் உயர் எண் போர்ட் ஒன்றிலிருந்து கேட்கும். பதில் அங்கே வரும். 2013 கடைசியிலும் 2014 தொடக்கத்திலும் நேர சர்வர்களைக் கருவியாக்கிய பெரும் தாக்குதல்கள் நடந்தன. பழைய டீமன்களில் ‘மான்லிஸ்ட்’ என்று ஒரு வசதி; ஒரு குட்டிக் கேள்விக்கு, கடைசியாகத் தன்னோடு பேசிய 600 முகவரிகள் வரை பட்டியலிட்டுப் பதில் தரும். அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதிக் கேட்டால் அத்தனை பதிலும் பலியாள் மேல் கொட்டும். பயந்துபோன இணைய சேவை நிறுவனங்களும் அலுவலக பயர்வால்களும் உள்ளே வரும் 123-ஐ அடைத்தன. பல இடங்களில் அந்த அடைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. டீமனுக்கு வர வேண்டிய நியாயமான பதிலும் அதே வாசலில் நிற்கிறது.

ஆக, கோளாறு பயர்வாலில், தண்டனை டீமனுக்கு, கிரான் வரிக்குப் பாராட்டு. சரியான வைத்தியம் பயர்வால் விதியை மாற்றுவது. அது நம் கையில் இல்லை என்றால் கிரோனி என்ற இன்னொரு நேர டீமனுக்கு மாறுவது. கேட்கும்போது அது இயல்பாகவே எழுந்தமான போர்ட்டைப் பயன்படுத்துகிறது. இரண்டில் எதைச் செய்தாலும் அந்த எட்டிய கணக்கு 1, 3, 7, 17 என்று ஏறி 377-ல் நிற்கும். எண்மக் கணக்கு அது: எட்டு கேள்வி, எட்டு பதில். 376 என்று கண்டால் கடைசிப் பதில் மட்டும் வரவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க அது 377-க்கும் 0-க்கும் நடுவே எப்படி ஆடுகிறது என்று பார்த்தாலே எந்த வேளையில் லைன் நெரிகிறது என்று சொல்லிவிடலாம். கிரானிடம் இதைக் கேட்க முடியுமா?

377 காட்டியும் கடிகாரம் அலைகிறதே என்பார்கள் சிலர். அப்போது டிரிஃப்ட் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எண் 500-லோ மைனஸ் 500-லோ முட்டிக்கொண்டு நின்றால் படிகத்தைச் சந்தேகிக்கும் முன் வேறு யாரோ அதே கடிகாரத்தைத் தொடுகிறார்களா என்று தேடுங்கள். மெய்நிகர் கணினிகளில் இது சர்வ சாதாரணம். விஎம்வேர் டூல்ஸில் நேர ஒத்திசைவை இயக்கிவிட்டால் இயல்பாக 60 வினாடிக்கு ஒருமுறை ஹோஸ்டின் மணியை உள்ளே கொண்டுவந்து வைக்கும். உள்ளே டீமன் தன் கணக்கில் நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டியரிங். இதற்கு மேல் மூன்றாவது ஆளாகக் கிரான் வரியையும் சேர்ப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற உதவி.

பாதையின் கோணலும் ஒன்று உண்டு. என்டிபி நான்கு நேரக் குறிப்புகளை வைத்துக் கணக்கிடுகிறது: கேள்வி கிளம்பியது, அங்கே சேர்ந்தது, பதில் கிளம்பியது, இங்கே சேர்ந்தது. போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்பது அதன் அனுமானம். போக 20 மில்லிவினாடி, வர 60 என்றால் கணக்கில் 20 மில்லிவினாடி பொய் புகுந்துவிடும்; எத்தனை முறை கேட்டாலும் போகாது. யாராவது பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது இது கூடும், முடிந்ததும் குறையும். இந்த இடத்தில் திருப்பி வைத்தால், சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைத்தான் கெடுப்போம்.

ஒருவனை மட்டும் கேட்பதன் ஆபத்துக்கு 2012 நவம்பர் 19 போதும். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் டிக், டாக் என்ற இரண்டு நேர சர்வர்கள் அன்று சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டு என்று அறிவித்தன. சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்த கணினிகள் 12 ஆண்டு பின்னால் போயின. விண்டோஸ் டொமைன்களில் லாகின் சிக்கல் வெடித்தது. “நாங்கள் இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம்” என்பவர்கள் கவனிக்க: அந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வெவ்வேறு இடத்திலிருந்து நான்கு பேரைக் கேட்டு, பெரும்பான்மைக்கு ஒத்துவராதவனைப் பட்டியலில் ‘எக்ஸ்’ குறி போட்டு ஒதுக்கும் வழக்கம் டீமனுடையது.

“டீமன் தானாகவே செத்துவிடுகிறது” என்ற குற்றச்சாட்டும் உண்மை. வித்தியாசம் 1,000 வினாடிக்கு மேல் போனால் என்டிபி டீமன் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறும். நம் நாட்டில் இதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. விண்டோஸ் பேட்டரிக் கடிகாரத்தில் உள்ளூர் மணியை எழுதும். லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது மணியை எழுதும். ஒரே மெஷினில் இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றினால் கடிகாரம் சரியாக 19,800 வினாடி தள்ளி நிற்கும். அதாவது ஐந்தரை மணி நேரம். மீரட்டிலும் மதுரையிலும் அதே எண். எந்தப் படிகமும் ஒரே இரவில் துல்லியமாக 19,800 வினாடி ஓடிப்போகாது. அந்த எண்ணைப் பார்த்த மறுகணமே யார் குற்றவாளி என்று தெரிந்துவிட வேண்டும். கிரான் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எழும்பி வரும்போது எண் அழிந்திருக்கும். அடுத்த ரீபூட்டில் மறுபடி வரும், மறுபடி அழியும்.

எதிர்க்கட்சி மறந்துவிட்ட ஒரு சாட்சியை நானே எடுத்துத் தருகிறேன். 2012 ஜூன் 30 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி, ஒரு லீப் வினாடி வந்தபோது லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகமெங்கும் சர்வர்களின் பிராசசர்கள் வெறிபிடித்துச் சுழன்றன. ரெடிட் விழுந்தது, குவாண்டாஸ் பயணிகள் விமான நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். அன்று அட்மின்கள் கண்டுபிடித்த கைவைத்தியம், இப்போதைய மணியை எடுத்து அதே மணியாகவே திருப்பி வைக்கும் ஒற்றைக் கட்டளை. ரீபூட் கூட வேண்டாம், தட்டியதும் அடங்கியது. திருப்பி வைத்தலின் மகிமைக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் அந்தக் கட்டளை மணியில் எதையும் மாற்றவில்லை. வினாடி செருகப்பட்ட சேதி கெர்னலின் டைமர் பகுதிக்குப் போய்ச் சேராமல் இருந்தது. கடிகாரத்தைத் தொட்டதும் அந்தச் சேதி போனது. இதைக் கண்டுபிடித்தவர்கள் கெர்னலைத் திறந்து பார்த்தவர்கள்.

இரண்டு வினாடியில் குடி முழுகாது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. விண்டோஸ் டொமைனின் கெர்பரோஸ் ஐந்து நிமிடம் வரை பொறுக்கும், அதற்கு மேல் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. ஆதென்டிகேட்டர் செயலியின் ஆறு இலக்கம் 30 வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. இவை பெரிய எண்கள்தான், இரண்டு வினாடி இவற்றைத் தொடாது. ஆனால் ஊடுருவல் நடந்த மறுநாள் பயர்வால் லாகையும் வெப் சர்வர் லாகையும் டேட்டாபேஸ் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது முதலில், எது பிறகு என்று கேட்கும்போது இரண்டு வினாடி என்பது ஒரு யுகம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றின் வழிவந்த சர்வரோடு, கணினிகளின் கடிகாரங்களை இணைக்கச் சொன்னது. லாகை 180 நாள் வைக்கச் சொன்னதும் அதே உத்தரவுதான். இரவில் நான்கு வினாடி இரட்டிப்பாகும் லாகை 180 நாள் பத்திரப்படுத்தி யாருக்கு என்ன லாபம்?

திருப்பி வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேட்டரிக் கடிகாரம் இல்லாத பழைய ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகள் மின்சாரம் வந்ததும் ஏதோ ஒரு பழைய தேதியில் கண்விழிக்கும். சான்றிதழ்களெல்லாம் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். அங்கே ஒரே தாவலில் இன்றைக்கு வந்தாக வேண்டும். கிரோனியில் இதற்கு ஒரு வரி பரவலாகப் புழங்குகிறது: வித்தியாசம் ஒரு வினாடிக்கு மேல் இருந்தால் திருப்பி வை, ஆனால் எழுந்தபின் முதல் மூன்று அளவீடுகளுக்குள் மட்டும். பிற நிரல்கள் நேரத்தை நம்பத் தொடங்கும் முன்பே தாவல் முடிந்துவிடும். நள்ளிரவுக் கிரானில் இல்லாதது அந்த ‘மட்டும்’தான்.

கிரான் வரியை எடுத்துவிடலாம் என்று யாராவது முடிவு செய்தால், ரூட் பயனரின் பட்டியலோடு நிறுத்தாமல் தினசரி ஸ்கிரிப்ட்கள் இருக்கும் கோப்புறையையும், ஹோஸ்டின் ஒத்திசைவு அமைப்பையும் பார்க்க வேண்டும். பழைய டிரிஃப்ட் கோப்பு இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். அதில் இருப்பது பலபேர் இழுத்த கடிகாரத்தின் எண். பிறகு ஒரு முழு நாள், ஏசி ஓடும் வேளையும் நிற்கும் வேளையும் அடங்கும்படி, கை வைக்காமல் விடுங்கள். மறுநாள் அந்தக் கோப்பில் இருக்கும் எண்தான் அந்த சர்வரைப் பற்றி முதன்முதலாகக் கிடைத்த உண்மையான தகவல்.